நைல் பொய்த்ததா, அரசன் பிடி தளர்ந்ததா? பழைய எகிப்து பற்றி ஓர் இழை

3 பிப்ரவரி 2023 – வாசகர் ஒருவர்

பழைய இராச்சியம் கி.மு. 2200 வாக்கில் சரிந்ததற்கு நைல் பொய்த்தது ஒன்றுதான் காரணம். பிரமிடு கட்டிய அரசு, வெள்ளம் வராமல் போனதும் பசியில் விழுந்தது. உனாஸ் அரசனின் பிரமிடுக்குப் போகும் நடைபாதைச் சுவரில் எலும்பும் தோலுமாக மனிதர்களைச் செதுக்கியிருக்கிறார்களே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பின்னால் வந்த சரிவுகளும் இதே கதைதான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

4 பிப்ரவரி 2023

வந்துவிட்டேன். முதலில் அந்தச் சுவர். உனாஸ் 5ஆம் வம்சத்தின் கடைசி அரசன், ஆண்டது கி.மு. 2350ஐ ஒட்டி. நீங்கள் சொல்லும் சரிவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு. அதே வம்சத்தின் தொடக்கத்தில் ஆண்ட சாஹுரேயின் நடைபாதையிலும் இப்படிப்பட்ட பட்டினிச் சிற்பங்கள் கிடைத்திருக்கின்றன. அப்போது சரிவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மெலிந்த உருவங்கள் பாலைவனத்து நாடோடிகள் என்பதே பலருடைய கருத்து. யோசித்துப் பாருங்கள், தன் குடிகள் பட்டினி கிடப்பதை எந்த அரசனாவது தன் கல்லறைக்குப் போகும் வழியில் காசு கொடுத்துச் செதுக்கி வைப்பானா?

4 பிப்ரவரி 2023, இரவு

இன்னொன்று. நைல் நீரைப் பங்கு போட்டுக் கொடுத்தே எகிப்திய அரசு உருவானது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லோரும் அப்படியே வைத்திருக்கிறோம். பழைய இராச்சியத்தில் பாசனம் பெரும்பாலும் ஊர்க்காரர் வேலை. வெள்ளம் தானாகக் கரை ஏறும், தாழ்ந்த நிலங்களில் தேங்கும். கரையை வெட்டுவதும் அடைப்பதும் அந்தந்த ஊர் பார்த்துக்கொண்டது. தலைநகரத்தில் உட்கார்ந்து மதகு திறந்தவர் யாரும் இல்லை.

தலைநகரம் செய்தது கணக்கு. பலெர்மோ கல் என்று ஒரு கல்வெட்டுத் துண்டு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கட்டம். அந்த ஆண்டு நடந்த விழா, படையெடுப்பு, கால்நடைக் கணக்கெடுப்பு, அதற்கடியில் வெள்ளத்தின் உயரம், முழம், சாண் கணக்கில், விரற்கடை வரைக்கும். எவ்வளவு வரி கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். கால்நடைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஆட்சியாண்டையே ‘இத்தனையாவது கணக்கெடுப்பு’ என்றுதான் எண்ணினார்கள். ஜமாபந்தியை வைத்து வருஷம் எண்ணிய அரசு!

6 பிப்ரவரி 2023

என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அடியுங்கள். எகிப்தில் மையத்தின் பலத்தை அளக்க, வெள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் அதிகாரிகளின் கல்லறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கிசாவில் நாங்கள் போன சுற்றுலாக் குழு வழக்கம்போலப் பெரிய பிரமிடு, ஒட்டகம், ஸ்ஃபிங்க்ஸ், பஸ் என்று ஓடியது. நான் நழுவி பிரமிடுக்கு மேற்கே நடந்தேன். அங்கே மஸ்தபா எனப்படும் கல் மேடைக் கல்லறைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. நூல் பிடித்த வரிசை, மூலப் பகுதியில் பெரும்பாலும் ஒரே அளவு. பெரிய பிரமிடைக் கட்டிய அரசன் கூஃபுவின் தலைமை அமைச்சரும் உறவினருமான ஹெமியுனுவுக்கு மட்டும் பெரியதாக ஒன்று. பிரமிடு வேலையை மேற்பார்த்தவர் அவர்தான் என்பார்கள். கொழுத்த மார்போடு அவர் உட்கார்ந்திருக்கும் சிலை இப்போது ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைமில். மனை அரசன் கொடுத்தது, கல் அரசன் கொடுத்தது, அடுத்த உலகத்துக்கான படையலும் அரசன் களஞ்சியத்திலிருந்து. செத்த பிறகும் அரசன் காலடியில் கிடந்தால்தான் மதிப்பு என்று நாட்டின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நினைத்த காலம் அது, கி.மு. 2560 வாக்கு.

இப்போது முந்நூறு ஆண்டு தள்ளி அஸ்வானுக்கு வாருங்கள். நைலின் மேற்குக் கரையில் குபெத் எல்-ஹவா குன்று. படகில் கடந்து, மணல் சரிவில் மூச்சு வாங்க ஏறினால் வரிசையாகக் குடைவரைக் கல்லறைகள். எல்லாம் அந்த ஊர் அதிகாரிகளுடையவை. தலைநகரம் மெம்பிஸ் வடக்கே எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர். இவர்களுக்கு அங்கே போய்ப் புதைபட வேண்டிய தேவை தீர்ந்துபோயிருந்தது. வாசலில் நின்று பார்த்தால் அவர்கள் ஆண்ட ஊரும் ஆறும் தீவும் மொத்தமாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத்தான் அங்கே குடைந்திருப்பார்கள்.

6 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

‘கல்லறை ஃபேஷன் மாறியது, அதற்கு ஏன் இவ்வளவு?’ என்று கேட்டவருக்கு: வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊரில் போஸ்டிங் ஏன் கொடுக்க மாட்டார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரிச்சல்பட்டிருக்கிறேன். பிறகு ஒரு தாலுகாவில், ஒரே குடும்பம் மாமன், மச்சான், மருமகன் என்று வரிசையாக நாற்காலியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். மாவட்டத் தலைமையிலிருந்து எந்த உத்தரவு போனாலும் ‘ஆகட்டும் ஐயா’ என்று பதில் வரும், அதோடு சரி. எகிப்தில் நடந்தது இதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

5ஆம் வம்சம் வரை மாவட்ட நிர்வாகி பெரும்பாலும் தலைநகரத்து ஆள். போவார், வசூலிப்பார், வேறு மாவட்டத்துக்கு மாறுவார், மெம்பிஸ் பக்கம் புதைபடுவார். பிறகு மேல் எகிப்தில், அதாவது நாட்டின் தெற்குப் பாதியில், நிர்வாகிகள் அங்கேயே தங்கினார்கள். அங்கேயே பெண் எடுத்தார்கள். பதவி மகனுக்குப் போனது. உள்ளூர்க் கோயில் பூசாரித் தலைமையும் அதே வீட்டுக்கு வந்தது. எல்லா மாவட்டத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. ஆனால் திசை ஒன்றுதான்.

9 பிப்ரவரி 2023

ஹர்குஃப் பற்றிச் சொல்லாமல் அஸ்வானை விட்டால் பாவம்.

எகிப்துக்குத் தெற்கே உள்ள நுபியாவுக்கும் அதற்கும் தெற்கேயும் வியாபாரப் பயணம் போன அஸ்வான் அதிகாரி. ஒரு பயணத்தில் 300 கழுதைச் சுமை, தூபப் பொருளும் கருங்காலியும் தந்தமும் சிறுத்தைத் தோலுமாகக் கொண்டுவந்தார். கடைசிப் பயணத்தில் நடனமாடும் ஒரு குள்ள மனிதரை அழைத்து வருவதாக அரண்மனைக்கு எழுதினார். அப்போது அரசன் இரண்டாம் பெப்பி, சின்னப் பையன். பையன் அனுப்பிய பதிலை ஹர்குஃப் தன் கல்லறை முகப்பில் அப்படியே வெட்டி வைத்துவிட்டார். உடனே வடக்கே கிளம்பி வா. படகில் அவனுக்கு இரு பக்கமும் நல்ல ஆட்களை வை, தண்ணீரில் விழுந்துவிடப் போகிறான். தூங்கும்போது கூடாரத்தில் ஆள் படுக்கட்டும், இரவில் பத்து முறை பார். சினாய், புன்ட் நாட்டுச் செல்வத்தைவிட அவனைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. இப்படிப் போகிறது கடிதம்.

எல்லோரும் இதை ‘எவ்வளவு அழகான குழந்தைக் கடிதம்’ என்று பகிர்கிறார்கள். அழகுதான். ஆனால் கடிதத்தின் கடைசி வரிகளை யாரும் பகிர்வதில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்திலும் ஒவ்வொரு கோயிலிலும் ஹர்குஃபுக்கு உணவுப்பொருள் கொடுக்க உத்தரவு போயிருக்கிறது என்கிறது அது. ஒரு சிறுவனின் ஆசைக்காக நதி நெடுகக் களஞ்சியம் திறக்கிறது. எழுதிக்கொடுத்த எழுத்தர் வளர்ந்தவர், தன் வேலையை மறக்கவில்லை.

அதே பெப்பியின் பெயரில் வேறு உத்தரவுகளும் உண்டு. கொப்டோஸில் ‘மின்’ என்ற பெயருடைய தெய்வத்தின் கோயிலுக்குக் கொடுத்தவை. இந்தக் கோயில் ஆட்களை அரசு வேலைக்கு இழுக்கக் கூடாது, வரி கேட்கக் கூடாது, மீறும் அதிகாரி தண்டிக்கப்படுவான், இது என்றென்றைக்கும். சுத்தமான இறையிலி சாசனம். இப்படி விலக்கு கொடுக்கும் வழக்கம் 5ஆம் வம்சத்து நெஃபெரிர்காரே காலத்திலேயே மேல் எகிப்து ஊரான அபிடோஸின் கோயிலுக்கு உண்டு. ஒன்று கொடுத்தால் அடுத்தவன் கேட்பான். இறந்துபோன அரசர்களின் பிரமிடுக் கோயில்களுக்கும் நிலம் போய்க்கொண்டே இருந்தது, எடுத்த நிலம் திரும்பி வரவில்லை.

10 பிப்ரவரி 2023

ஒரு நண்பர் தனியாகக் கேட்டார், ‘அதிகாரிகள் துரோகம் செய்தார்களா?’ இல்லையே. வேனியைப் பாருங்கள். டெட்டி, முதலாம் பெப்பி, மெரென்ரே என்று மூன்று அரசர்களிடம் வேலை பார்த்தவர். அந்தப்புரத்தில் அரசி ஒருத்தி மீது ரகசிய விசாரணை நடந்தபோது கூட உட்கார்ந்தவர். படை நடத்தினார், முதல் நீர்வீழ்ச்சிப் பகுதியில் கால்வாய் வெட்டினார், மேல் எகிப்து முழுவதற்கும் ஆளுநர் ஆனார். அபிடோஸில் அவர் கல்வெட்டில் பெருமையாகச் சொல்வது: இந்த மேல் எகிப்தில் தலைநகரத்துக்குச் சேர வேண்டியது எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணினேன்.

அரசன் சொத்தை இரண்டு முறை எண்ணியதைத் தன் வாழ்க்கையின் சாதனையாகக் கல்லில் வெட்டியவரைத் துரோகி என்று எப்படிச் சொல்வது? ஆனால் கவனியுங்கள், அதை வெட்டியது அபிடோஸில்.

அரசர்களும் சும்மா இல்லை. முதலாம் பெப்பி அபிடோஸ் பெரிய வீட்டுக்காரரான கூய் என்பவரின் இரண்டு பெண்களை மணந்தார். ஒருத்தி மகன் மெரென்ரே, இன்னொருத்தி மகன் இரண்டாம் பெப்பி. பெண்களின் சகோதரர் ஜாவ் தலைமை அமைச்சர். மாகாணத்தைப் பிடித்து வைக்க மாகாணத்திலேயே சம்பந்தம் வைத்தார்கள். கொஞ்ச நாளில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாத நிலை.

11 பிப்ரவரி 2023

பெப்பியின் வயது பற்றி மூன்று பேர் கேட்டாகிவிட்டது. ஆறு வயதில் முடிசூடி நூறு வயது வரை, ஆக 94 ஆண்டு ஆட்சி என்பது எகிப்து வரலாறு எழுதிய பூசாரி மனேத்தோ சொன்னது. மனேத்தோ எழுதியது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், சம்பவத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து. 64 ஆண்டு என்று குறைப்பவர்கள் உண்டு. எதுவானாலும் நீளம்தான். வாரிசுகள் அவருக்கு முன்பே செத்திருப்பார்கள், வந்தவர்கள் கிழவர்களாக வந்திருப்பார்கள். அடுத்து வந்த 7ஆம் வம்சத்துக்கு மனேத்தோ ‘70 நாளில் 70 அரசர்கள்’ என்கிறார். ஒரு நாளுக்கு ஒருவர். முடிசூட்டு விருந்து சமைத்தவன்தான் பாவம்.

15 பிப்ரவரி 2023

இப்போது உங்கள் பஞ்சம். இழையைத் தொடங்கியவர் கோபமாக இருக்கிறார், நியாயம்தான், இத்தனை நாள் இழுத்துவிட்டேன்.

லக்சருக்குத் தெற்கே மோஅல்லாவில் அங்க்திஃபி என்பவர் கல்லறை. எட்ஃபு, ஹைராகோன்போலிஸ் மாவட்டங்களின் தலைவர், பழைய இராச்சியம் சரிந்தபின் நாடு பிளந்து கிடந்த ‘முதல் இடைநிலைக் காலத்தின்’ தொடக்கம். அவர் கல்வெட்டைப் படிப்பது ஒரு தனி அனுபவம். மனிதர்களின் தொடக்கம் நான், முடிவு நான், என்னைப் போல் ஒருவன் பிறந்ததும் இல்லை, பிறக்கப் போவதும் இல்லை என்கிறார். மேல் எகிப்து முழுக்கப் பசியால் செத்தது, ஒவ்வொருவனும் தன் பிள்ளையைத் தின்றான், என் மாவட்டத்தில் மட்டும் ஒருவனையும் பட்டினியில் சாக விடவில்லை என்கிறார். தெற்கே நுபியா வரை, வடக்கே அபிடோஸ் பக்கம் வரை தானியம் அனுப்பினாராம். எட்ஃபு கவனிப்பார் இல்லாமல் பாழாய்க் கிடந்தது, நான் போய், தகப்பனைக் கொன்றவனை மகன் கட்டித் தழுவும்படி செய்தேன் என்கிறார். அந்த ஒரு வரியில் ஊர் எப்படிக் கிடந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு நீளமாகப் பேசும் மனிதர் அரசன் பெயரைச் சொல்வது ஒரே ஓரிடத்தில். ஹோரஸ் தெய்வம் நெஃபெர்காரேவுக்கு நல்ல வெள்ளம் தரட்டும் என்ற மாதிரி. அதோடு சரி. எந்த நெஃபெர்காரே என்பதில்கூட அறிஞர்களுக்குள் சண்டை.

பசி இருந்தது என்று நான் நம்புகிறேன். கி.மு. 2200ஐ ஒட்டி மேற்காசியா வரை பல இடங்களில் வறட்சியின் தடயம் இருக்கிறது. ஆனால் பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன், உடை இல்லாதவனுக்கு உடை கொடுத்தேன் என்பது பஞ்சம் இல்லாத காலத்துக் கல்லறைகளிலும் வரும் சம்பிரதாய வரி. அங்க்திஃபியின் சத்தத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தேர்தல் போஸ்டர் என்று பிரிப்பது எளிதல்ல.

15 பிப்ரவரி 2023, பின்னிரவு

படுத்தபின் தோன்றியது. பஞ்சத்தையும் என் வாதத்தையும் எதிரெதிராக வைத்தது கொஞ்சம் அவசரம். வெள்ளம் குறைந்த ஆண்டுகள் முன்பும் வந்திருக்கின்றன, பலெர்மோ கல்லிலேயே ஏற்ற இறக்கம் தெரிகிறது. அப்போதெல்லாம் விளைந்த மாவட்டத்துத் தானியத்தை விளையாத மாவட்டத்துக்குத் தள்ளும் கை ஒன்று மெம்பிஸில் இருந்தது. பெப்பிக்குப் பிறகு அந்தக் கை இல்லை. களஞ்சியச் சாவி அங்க்திஃபிகளிடம். யாருக்கு அனுப்புவது, யாரைப் பட்டினி போடுவது என்பதும் அவர்கள் முடிவு. தீப்ஸும் (இன்றைய லக்சர்) கொப்டோஸும் சேர்ந்து தன்னை எதிர்த்தபோது அவர் படையோடு போனதையும் அதே கல்வெட்டு சொல்கிறது.

ஆக நைலுக்குப் பங்கு உண்டு. ‘ஒன்றுதான் காரணம்’ என்ற சொற்களை மட்டும் வாபஸ் வாங்குங்கள்.

20 பிப்ரவரி 2023

இப்புவேர் பாப்பிரஸை ஒட்டியிருக்கிறார் ஒருவர். படகில்லாதவன் கப்பல்களுக்குச் சொந்தக்காரன் ஆனான், தண்ணீரில் முகம் பார்த்தவள் கண்ணாடி வைத்திருக்கிறாள், உலகமே தலைகீழ் என்ற புலம்பல். இதை முதல் இடைநிலைக் காலத்தின் நேரடி வர்ணனையாக எடுக்க வேண்டாம். இருப்பது ஒரே பிரதி, லெய்டனில், எழுதியது 19ஆம் வம்சத்தில். மூலமே பின்னால், நாடு மறுபடி ஒன்றான மத்திய இராச்சியத்தில் உருவானது என்பது பொதுக் கருத்து. அரண்மனைக்கு வேண்டிய கதை அது: நாங்கள் இல்லாவிட்டால் பாருங்கள் என்ன ஆகும்.

எனக்கு அதில் அந்தப் பெண்தான் பிடிக்கும். அவள் கண்ணாடி வாங்கியதில் இப்புவேருக்கு என்ன வயிற்றெரிச்சல்? காவு, பதாரி வட்டாரத்து எளிய மக்களின் புதைகுழிகளில் இந்தக் ‘கெட்ட காலத்தில்’ மணிகளும் தாயத்துகளும் முன்பைவிட அதிகமாகவே கிடைக்கின்றன. பிரமிடுக்குப் போனது ஊரிலேயே நின்றிருக்கலாம். மையம் விழுந்தது யாருக்குச் சரிவு என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

26 பிப்ரவரி 2023

எழுச்சி பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் விழுவதுதான் பிடித்திருக்கிறது.

தீப்ஸின் இரண்டாம் மென்டுஹோதெப், கி.மு. 2055க்குப் பிறகு, ஹெராக்ளியோபோலிஸ் அரசர்களை வென்று நாட்டை மறுபடி ஒன்றாக்கினார். பட்டப்பெயரையே ‘இரு நாடுகளை இணைத்தவன்’ என்று மாற்றிக்கொண்டார். ஆனால் மாவட்டக் குடும்பங்களை அவரும் அடுத்து வந்தவர்களும் ஒரேயடியாகத் தூக்கி எறியவில்லை. பேனி ஹசன் குன்றில் போய்ப் பாருங்கள், 12ஆம் வம்சத்தில் பாதி வரைக்கும் பெரிய தூண்களோடு மாவட்டத் தலைவர்களின் குடைவரைகள்.

அங்கே இரண்டாம் க்னூம்ஹோதெப் கல்லறை. வண்ண உடையில் ஆசியர்கள் கழுதைகளோடு வரிசையாக வரும் ஓவியம் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள், அது இங்கேதான். அதே கல்லறையின் நீண்ட கல்வெட்டில், முதலாம் அமெனெம்ஹட் அரசன் வந்து எல்லைக் கல் நட்டு, ஆற்றை நடுவில் பிரித்து, பழைய ஏடுகளைப் பார்த்து எல்லை வகுத்துக் கொடுத்த செய்தி வருகிறது. சர்வே கல்லைப் போட்டவன் யாரோ அவன்தான் அரசன். எங்கள் துறைக்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இரண்டாம் க்னூம்ஹோதெப்பின் மகன் மூன்றாம் க்னூம்ஹோதெப் எங்கே புதைந்தார்? தலைநகரத்தில் வளர்ந்து, அரசுப் பணியில் ஏறி, தலைமை அமைச்சராகி, தாஷூரில், மூன்றாம் செனுஸ்ரெட்டின் பிரமிடுக்குப் பக்கத்தில்! தகப்பன் சொந்த ஊர்க் குன்றில், மகன் அரசன் காலடியில். மூன்றாம் செனுஸ்ரெட் மாவட்டத் தலைவர்களை ஒரே வெட்டில் ஒழித்தார் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். வெட்டு எதுவும் தெரியவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு நல்ல வேலை கொடுத்தார்கள், குன்று தானாகக் காலியானது. ஒரு அரசு செய்த நிர்வாக வேலைகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது எனக்குத் தெரியவில்லை.

27 பிப்ரவரி 2023

‘அப்படியானால் மத்திய இராச்சியம் ஏன் விழுந்தது?’ சின்னதாகச் சொல்கிறேன். 13ஆம் வம்சத்தில் அரசர்கள் வரிசையாக வந்து போனார்கள், அலுவலகம் மட்டும் நெடுநாள் ஓடியது. வடக்கே டெல்டாவில் அவாரிஸ் ஊரில் ஆசியர் குடியேற்றம் பெருகி, ஹிக்சோஸ் அரசர்கள் தனியே ஆண்டார்கள். தீப்ஸ் அரசன் காமோஸ் தன் கல்வெட்டில் குமுறுகிறார்: அவாரிஸில் ஒருவன், குஷ்ஷில் (நுபியாவில்) ஒருவன், நடுவில் ஆசியனோடும் நுபியனோடும் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு துண்டு எகிப்து. அடுத்த அரசன் அஹ்மோஸ் கி.மு. 1550ஐ ஒட்டி அவாரிஸைப் பிடித்தார். இங்கே நைலையும் காணோம், என் கல்லறை அளவுகோலும் அவ்வளவாக உதவவில்லை.

5 மார்ச் 2023

அஹ்மோஸுக்குப் பிறகு வந்த புதிய இராச்சியத்துக்குக் கல்லறை வேறு விதமாக வேலை செய்கிறது. யார் புதைந்தார்கள் என்பது அங்கே பெரிய விஷயமில்லை, தோண்டியவனுக்குக் கூலி வந்ததா, புதைத்ததைக் காவல் காத்தார்களா என்று பாருங்கள்.

அரசர் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் தெய்ர் எல்-மதீனா ஊர்க்காரர்கள். ஒருவனுக்கு மாதச் சம்பளம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் ஆயிற்று, பசிக்கிறது என்று சொல்லி, காவல் சுவர்களைத் தாண்டிப் போய்க் கோயிலின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்கு எழுதுங்கள் என்றார்கள். டூரின் பாப்பிரஸில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை என்ற ரீதியில் தலைமை அமைச்சர் டோ பதில் அனுப்பினார். அதே அரசன் கோயில்களுக்குக் கொடுத்த நிலம், மாடு, ஆட்களின் பட்டியல் ஹாரிஸ் பாப்பிரஸ், 40 மீட்டருக்கு மேல் நீளம். பெரும்பங்கு அமுன் கோயிலுக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும்.

6 மார்ச் 2023

இது மட்டும் சொல்லிவிடுகிறேன், தூக்கம் வராது. ஒன்பதாம் ராம்செஸின் 16ஆம் ஆண்டு. அரசர் கல்லறைகளில் திருட்டு. தீப்ஸ் கிழக்குக் கரை மேயர் பாசெர், மேற்குக் கரை மேயர் பவேரா மீது புகார் கொடுக்கிறார். விசாரணைக் குழு பத்து அரச கல்லறைகளைப் பார்த்து, ஒன்றுதான் உடைக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறது. பவேராவின் ஆட்கள் பாசெர் வீட்டு வாசலில் ஊர்வலமாகப் போய்க் கும்மாளம் போடுகிறார்கள். நகராட்சி அரசியல் மூவாயிரம் ஆண்டில் எதுவும் மாறவில்லை.

திருடர்களில் ஒருவன் கல்தச்சன் அமுன்பநெஃபர். வாக்குமூலத்தில் சொல்கிறான்: என்னைப் பிடித்தார்கள். என் பங்குக்கு வந்த 20 தெபென் (எடை அளவு) தங்கத்தைத் துறைமுக வட்டார எழுத்தர் கஎமோபேயிடம் கொடுத்தேன். விட்டுவிட்டார். கூட்டாளிகளிடம் திரும்பினேன், அவர்கள் எனக்கு மறுபடி ஒரு பங்கு ஈடுகட்டிக் கொடுத்தார்கள். லஞ்சமாகப் போனதைக் கூட்டாளிகள் செலவுக் கணக்கில் எழுதிச் சரிக்கட்டியிருக்கிறார்கள்! அரசன் களஞ்சியம் சம்பளம் கொடுக்கவில்லை, திருட்டுக் கும்பல் இழப்பீடே கொடுக்கிறது.

12 மார்ச் 2023

‘இவ்வளவுக்கும் பிறகு எகிப்து திரும்ப எழவே இல்லையா?’ எழுந்தது. கி.மு. 664இல் சாயிஸ் ஊர்க்காரரான முதலாம் சம்மெட்டிகஸ். நாடு துண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கு முன்பு குஷ் அரசன் பியே வடக்கே வந்தபோது ஹெர்மோபோலிஸில் ஒரு குட்டி அரசன், அடுத்த ஊரில் இன்னொருவன். (பியே ஹெர்மோபோலிஸை முற்றுகையிட்டுப் பிடித்தபின் நேராகக் குதிரை லாயத்துக்குப் போய், பட்டினி கிடந்த குதிரைகளைப் பார்த்துவிட்டு அரசன் நம்லோத்திடம், நீ செய்த குற்றங்களிலெல்லாம் இதுதான் எனக்கு வலிக்கிறது என்றாராம். அந்தப்புரப் பெண்கள் வரிசையாக வந்து நின்றும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறது அவர் கல்வெட்டு.)

சம்மெட்டிகஸ் தீப்ஸ் மேல் படையெடுக்கவில்லை. கி.மு. 656இல் தன் மகள் நிடோக்ரிஸை ஆற்றில் படகுகளோடு அனுப்பி, அமுனின் தேவமனைவி என்ற பெரிய பதவிக்கு வாரிசாகத் தத்தெடுக்க வைத்தார். பதவி அரசன் வீட்டுக்கு, சத்தமில்லாமல்.

13 மார்ச் 2023

யாராவது என்னை மடக்கும் முன் நானே போட்டுவிடுகிறேன். அந்தச் சமயத்தில் தீப்ஸை உண்மையில் ஆண்டவர் மொண்டுவெம்ஹட், மேயர். அசாசிஃபில் அவர் கல்லறை, தீப்ஸிலேயே பெரிய தனியார் கல்லறைகளில் ஒன்று. என் அளவுகோலின்படி பார்த்தால் மையம் செத்துக் கிடக்க வேண்டும். மாறாக அது ஏறிக்கொண்டிருந்தது. சம்மெட்டிகஸ் அவரைத் தொடவே இல்லை, பதவியில் இருக்க விட்டார். ஆனால் நிடோக்ரிஸின் தத்துக் கல்வெட்டில் யார் யார் அவளுக்கு என்ன அளக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. மொண்டுவெம்ஹட் தினமும் 200 தெபென் ரொட்டியும் 5 ஹின் (முகத்தல் அளவு) பாலும். அவர் மகனும் மனைவியும் தலைக்கு 100 தெபென் ரொட்டி. மாடும் வாத்தும் மாதாமாதம்.

ஆகவே கல்லறையோடு படிக்கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மகன் பெயரை எதற்கு அந்தப் பட்டியலில் போட்டார்கள் என்பதற்கு க்னூம்ஹோதெப் குடும்பத்தை மேலே போய் ஒரு முறை படியுங்கள். எனக்கு இத்தோடு போதும், நைல்காரர் பதில் போட்டால் வருகிறேன்.